யார் அடித்த கோல்?

தியான்சந்த் பெரியவரா, பல்பீர் சிங் பெரியவரா என்ற வழக்குக்குத் தீர்ப்புச் சொல்லும்படி திருத்தணியில் என்னைக் கேட்பார்கள் என்று நான் கனவிலும் எண்ணியதில்லை. இந்த ஊரில் வழக்குக்குக் குறைவில்லைதான். ஆனால் அவை பெரும்பாலும் பூக்கடை வாடகை, பாகப் பிரிவினை, மொட்டை அடிக்கிறவருக்குக் கொடுக்க வேண்டிய கூலி என்ற அளவில் நிற்கும். ஹாக்கி வழக்கு எங்கள் தெருவில் மட்டும்தான் உண்டு. வாதி, ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். பிரதிவாதி, அவருடைய மனைவியின் தம்பி. பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டராக இருந்தவர். கார்டு பேச்சைத் தமிழில் ஆரம்பித்துத் தெலுங்கில் முடிப்பார். கோபம் வந்தால் இடையில் இங்கிலீஷ் ஸ்டேஷன் ஒன்றிலும் வண்டி நிற்கும்.

"மச்சான், முப்பத்தேழுக்கு முன்னால் இருபத்திரண்டு எந்த மூலைக்கு?" என்பார் கார்டு.

"முப்பத்தேழு எத்தனை பந்தயத்தில், மாமா? பன்னிரண்டு. இருபத்திரண்டு எத்தனையில்? எட்டு. வகுத்துப் பாருங்கள்!"

வகுத்துப் பார்க்க வேண்டியதுதான். தியான்சந்த் 1928, 1932, 1936 ஆகிய மூன்று ஒலிம்பிக்கில் ஆடியவர். பல்பீர் சிங் 1948, 1952, 1956 ஆகிய மூன்றில் ஆடியவர். இருவரும் ஸென்டர் பார்வர்டு. இருவருக்கும் மும்மூன்று தங்கம். ஜாதகப் பொருத்தம் இதைவிட அழகாக அமையாது. முன்னவருக்குப் பந்தயத்துக்கு 3.08 கோல், பின்னவருக்கு 2.75. கார்டு ஜெயித்துவிட்டார் என்று நாம் எழுந்திருக்கப் பார்ப்போம். டிரில் மாஸ்டர் கையைப் பிடித்து உட்கார வைப்பார்.

1932-ம் வருஷத்து லாஸ் ஏஞ்சலீஸ் ஒலிம்பிக் ஒரு விசித்திரமான ஒலிம்பிக். உலகமெங்கும் வியாபாரம் படுத்துவிட்ட காலம் அது. கப்பல் கூலி கொடுத்து அமெரிக்காவின் மேற்குக் கரைக்குப் போக ஐரோப்பியக் கோஷ்டிகளிடம் காசு இல்லை. ஹாக்கிக்கு வந்து சேர்ந்தவை மூன்றே கோஷ்டிகள்: இந்தியா, ஜப்பான், வீட்டுக்காரரான அமெரிக்கா. இந்தியா ஜப்பானை 11-1 என்று அடித்தது. அமெரிக்காவை அடித்ததை அடித்தது என்று சொல்வதே மரியாதைக் குறைவு, 24-1! ஆக இரண்டே பந்தயத்தில் தியான்சந்துக்கு 12 கோல். இந்த விருந்தை விலக்கிவிட்டு மற்ற இரண்டு ஒலிம்பிக்கை மட்டும் பார்த்தால் 10 பந்தயத்தில் 25, அதாவது 2.5. பல்பீர் முன்னால் வந்துவிடுகிறார்.

"அப்படியா சேதி?" என்று கார்டு நிமிர்ந்து உட்காருவார். "உன் ஆள் மட்டும் பட்டினி கிடந்தாரோ? 1948-ல் அர்ஜென்டினாவோடு 6, 1956-ல் ஆப்கானிஸ்தானோடு 5. அதையும் கழி!"

கழித்தால் மிஞ்சுவது 6 பந்தயத்தில் 11, இரண்டுக்கும் கீழே. கத்தரிக்காய்க் கடையில் சொத்தையைப் பொறுக்கிப் போடுகிற மாதிரி இருவரும் எதிராளியின் கூடையிலிருந்து பொறுக்கிப் பொறுக்கிப் போட்டால் கடைசியில் தராசில் ஒன்றும் இராது. இது இந்தத் தெருவின் பைத்தியம் மட்டும் அல்ல. பனிக்கட்டி மேல் ஹாக்கி ஆடுகிற கனடா தேசத்திலும் இதே பைத்தியம் உண்டு. அங்கே தேசிய ஹாக்கி லீக் என்ற சம்பள ஆட்டம் 1917-ல் ஆரம்பித்தது. முதல் வருஷமே ஜோ மலோன் என்பவர் 20 பந்தயத்தில் 44 கோல் போட்டார். 1944-45-ல் மாரிஸ் ரிச்சர்ட் என்பவர் 50 பந்தயத்தில் 50 போட்டார். யார் பெரியவர்? மலோன் ஆடிய வருஷம் ஒரு கோஷ்டியின் மைதானக் கொட்டகை தீப்பிடித்து எரிந்துபோக, மிச்சமிருந்த மூன்று கோஷ்டிகள் தங்களுக்குள்ளேயே மாற்றி மாற்றி ஆடிக்கொண்டிருந்தன. ரிச்சர்ட் ஆடியதோ யுத்த காலம். நல்ல ஆட்டக்காரர்கள் பலர் பட்டாளத்தில் இருந்தார்கள். இருவர் கூடையிலும் சொத்தை உண்டு.

வேறொரு தராசு இருக்கிறது. எனக்கு அதுதான் பிடிக்கும். கோஷ்டி மொத்தமாகப் போட்ட கோலில் இவர் பங்கு எவ்வளவு என்று பார்ப்பது. எதிரி சப்பையாக இருந்தால் எல்லாருக்குமே சப்பைதானே? 1928-ல் ஆம்ஸ்டர்டாமில் இந்தியா ஐந்து பந்தயத்தில் 29 கோல் போட்டது, ஒன்றுகூட வாங்கவில்லை. அதில் 14 தியான்சந்துடையது, கிட்டத்தட்டப் பாதி. இறுதிப் பந்தயத்தைக் காய்ச்சலோடு ஆடினார். 1932-ல் ஒலிம்பிக்கையும் அதையொட்டிய சுற்றுப் பயணத்தையும் சேர்த்து 37 பந்தயம். கோஷ்டி போட்டது 338, அவர் போட்டது 133. நூற்றுக்கு 39. 1935-ல் நியூஸிலாந்து, ஆஸ்திரேலியாப் பயணத்தில் 48 பந்தயமும் வெற்றி. மொத்தம் 584 கோல். தியான்சந்த் 43-ல் ஆடி 201 போட்டார். நூற்றுக்கு 34. இப்போது பல்பீரைப் பாருங்கள். 1952 ஹெல்ஸிங்கியில் இந்தியா போட்டதே 13. அதில் 9 அவருடையது, நூற்றுக்கு 69! பிரிட்டனோடு அரை இறுதியில் விழுந்த மூன்றும் அவர் அடித்தவை. ஹாலந்தோடு இறுதியில் 6-1. ஐந்து அவர் அடித்தவை. ஒலிம்பிக் ஆண்கள் இறுதிப் பந்தயத்தில் ஒரே ஆள் ஐந்து என்பதை அதற்குப் பிறகு யாரும் தாண்டவில்லை.

இதைச் சொன்னதும் டிரில் மாஸ்டர் எனக்குக் காப்பி வரவழைத்தார். கார்டு இரண்டு நாள் பேசவில்லை.

ஆனால் எனக்கு டிரில் மாஸ்டரின் காப்பி முழுதாக இறங்கவில்லை. பங்கு குறைந்தால் ஆட்டக்காரர் சிறியவர் ஆகிவிடுவாரா? பக்கத்தில் இன்னொரு பெரிய ஆட்டக்காரர் நின்றாலும் பங்கு குறையும். தியான்சந்தின் பக்கத்தில் நின்றவர் அவருடைய சொந்தத் தம்பி. ஜான்ஸியில் வளர்ந்த ரூப் சிங், இன்ஸைட் லெப்ட்.

அந்த 24-ஐப் பிரித்துப் பார்த்தால் உண்மை தெரியும். தியான்சந்த் 8, குர்மித் சிங் 5, பின்னிகர் 1. மீதி 10-ம் ரூப் சிங்! ஜப்பானோடு போட்ட 3-ஐயும் கூட்டினால் அந்த ஒலிம்பிக்கில் தம்பிக்கு 13, அண்ணாவுக்கு 12. 'ஹாக்கி மந்திரவாதி' என்று உலகம் கொண்டாடிய மனிதரை, மந்திரம் உச்சத்தில் இருந்தபோதே, ஒரே மைதானத்தில் ஒரே பந்தோடு ஒருவர் தாண்டியிருக்கிறார். நம்மில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும்? யுத்தமும் அவருக்குத்தான் அதிக அநியாயம் செய்தது. 1940-லும் 1944-லும் ஒலிம்பிக் நடக்கவில்லை. 1905-ல் பிறந்த அண்ணா தம் பங்கை ஆடி முடித்திருந்தார். 1908-ல் பிறந்த தம்பிக்கு இன்னும் ஒன்று பாக்கி இருந்திருக்கும்.

கோலுக்குப் பந்தைக் கொண்டுவந்து கொடுத்தவர் யார் என்ற கணக்கை நம்மவர்கள் வைக்கவே இல்லை. அண்ணா கொடுத்துத் தம்பி அடித்தது எத்தனை, தம்பி கொடுத்து அண்ணா அடித்தது எத்தனை என்பது அந்தப் புல்லோடு போயிற்று. அடித்தவன் பெயர்தான் பத்திரிகைக்குத் தந்தியில் போகும். தந்திக்கு வார்த்தைக்கு இத்தனை என்று கூலி!

சென்னைக்காரர் ஒருவரையும் இந்த இடத்தில் சொல்ல வேண்டும். எம். ஜே. கோபாலன் செங்கற்பட்டுச் சீமையில் பிறந்தவர். 1935-ல் தியான்சந்தோடு நியூஸிலாந்து போன கோஷ்டியில் இருந்தார். ஸென்டர் ஹாப் ஆட்டக்காரர். பந்தைத் தடுத்து, திருப்பி, முன்னால் ஓடுகிறவர்களுக்குக் கொடுக்கிற வேலை. கோல் கணக்கில் பெயர் ஏறாத வேலை. கிரிக்கெட்டில் வேகப் பந்து வீச்சாளர். 1934 நவம்பரில் சேப்பாக்கத்தில் ரஞ்சிக் கோப்பையின் முதல் பந்தையே வீசியவர். 1936-ல் இரண்டு வாசல் சேர்ந்து திறந்தன. பெர்லின் ஒலிம்பிக்குக்கு ஹாக்கி, இங்கிலாந்துக்குக் கிரிக்கெட். கோபாலன் கிரிக்கெட்டோடு கப்பலேறினார். ஹாக்கிக் கோஷ்டி தங்கத்தோடு திரும்பியது. இங்கிலாந்தில் அவருக்கு ஒரு டெஸ்ட் பந்தயம்கூடக் கிடைக்கவில்லை. வாழ்நாள் முழுவதற்கும் அவர் டெஸ்ட் கணக்கு: ஒரு பந்தயம், ஒரு விக்கெட். அவர் ஆடியதைப் பார்த்தவர்கள் மணிக்கணக்காகப் பேசுவார்கள். பட்டியலைப் பார்க்கிறவன் ஒரு நொடியில் புரட்டிவிடுவான்.

இப்போது கார்டின் பெட்டிக்கு வருகிறேன். இரண்டு நாள் கழித்து அவரே அதைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுத் திண்ணைக்கு வந்தார். அவர் தகப்பனார் சேர்த்து வைத்த கத்தரிப்புகள். கூடவே தியான்சந்தின் சுயசரிதை. 1952-ல் சென்னையில் 'ஸ்போர்ட் அண்ட் பாஸ்டைம்' பத்திரிகைக்காரர்கள் அச்சிட்டது. ஜான்ஸிக்காரர் கதைக்குச் சென்னை அச்சு என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை. அந்தப் பெட்டியைக் கிளறியதில் எனக்கு அகப்பட்டது வேறு ஒரு தலைவலி. 37 என்று இருவரும் சண்டை போடுகிற எண்ணே ஒரே எண் அல்ல. ஒரு கத்தரிப்பில் 33. இன்னொன்றில் 37. பிற்காலத்துப் பட்டியல் ஒன்றில் 39.

திருத்தணி மலைக்கு 365 படி, வருஷத்து நாளுக்கு ஒன்று என்பார்கள். படிபூஜைக்கு வருகிறவர்கள் ஒவ்வொரு படிக்கும் மஞ்சள் குங்குமம் இட்டுக் கர்ப்பூரம் ஏற்றிக்கொண்டு போவார்கள். அவர்களில் இரண்டு பேர் ஒரே எண்ணோடு மேலே போய்ச் சேர்ந்ததாக எனக்குத் தெரியவில்லை. அசையாத கல்லுக்கே இந்த நிலை என்றால் ஓடுகிற பந்துக்குக் கேட்பானேன்? இருந்தாலும் எண்ணாமல் விடக்கூடாத சமயமும் உண்டு. கிராமம் கிராமமாகத் தமிழ் பேசுகிறவர் எத்தனை, தெலுங்கு பேசுகிறவர் எத்தனை என்று தலையை எண்ணித்தான் 1960 ஏப்ரலில் இந்தத் தாலுகா ஆந்திராவிலிருந்து சென்னை ராஜ்யத்துக்கு வந்தது. கார்டின் பெரியப்பா வீடு கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றுவிட்டது. எண்ணிக்கை என்றால் அவருக்கு விளையாட்டு இல்லை.

ஹாக்கியிலும் அப்படி ஒரு சமயம் 1936 பெர்லின் இறுதிப் பந்தயம். அதற்குச் சில வாரம் முன்பு நடந்த ஒத்திகைப் பந்தயத்தில் ஜெர்மானியர்கள் இந்தியாவை 4-1 என்று தோற்கடித்திருந்தார்கள். பயந்துபோய் இந்தியாவுக்குத் தந்தி அடித்து, தாரா என்ற ஆட்டக்காரரை விமானத்தில் வரவழைத்தார்கள். மழையால் ஒரு நாள் தள்ளிப்போய் ஆகஸ்டு 15-ம் தேதி ஆட்டம். ஈர மைதானத்தில் பாதி ஆட்டம் வரை ஒரே கோல். பிறகு தியான்சந்த் ஆணி வைத்த பூட்ஸைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடினார். முடிவு 8-1.

இந்த எட்டில் தியான்சந்துக்கு எத்தனை? நீண்ட காலம் ஆறு என்றே எழுதி வந்தார்கள். கார்டின் தகப்பனாரும் சிவப்பு மசியில் ஆறு என்று எழுதி அடிக்கோடு போட்டிருக்கிறார். சர்வதேச ஹாக்கி சம்மேளனத்தின் கணக்கில் மூன்று.

மூன்று குறைந்ததற்குக் கார்டின் முகம் வாடியது நியாயம். ஆனால் அந்த ஆறு எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டாமா? எட்டில் ஆறு அவருக்கு என்றால் மற்றவர்களுக்கு இரண்டுதான். சம்மேளனக் கணக்குப்படி தாரா 2, ரூப் சிங் 1, டாப்ஸெல் 1, ஜாபர் 1. டாப்ஸெல் ஆங்கிலோ இந்தியர். பின்னால் நின்று காக்கிற ஆட்டக்காரருக்கு ஒலிம்பிக் இறுதியில் ஒரு கோல் என்பது ஆயுசுக்கும் போதும். ஜாபர் லாகூர் மாணவர். மறு வருஷமே ராவி நதியில் மூழ்கி இறந்து போனார். தாரா தேசப் பிரிவினைக்குப் பிறகு பாகிஸ்தானியர் ஆனார்; 1948 ஒலிம்பிக்கில் அந்த நாட்டுக் கோஷ்டிக்கு அவர்தான் தலைவர். ஒருவர் ஆங்கிலோ இந்தியர், ஒருவர் செத்துப் போனவர், ஒருவர் அடுத்த நாட்டுக்காரர், ஒருவர் தம்பி. கேட்க ஆள் இல்லாத சொத்து யார் பட்டாவில் ஏறும் என்று தாலுகாக் கச்சேரிக்குப் போய்வந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தியான்சந்த் யாரிடமும் பறிக்கவில்லை. நாம்தான் ஆசையாக எடுத்து அவருக்குக் கொடுத்திருக்கிறோம். 14-ம் 133-ம் 201-ம் வைத்திருக்கிற மனிதருக்கு ஜாபரின் ஒரே ஒரு கோல் எதற்கு?

இதைக் கார்டிடம் சொன்னேன். வெகு நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்து, தகப்பனாரின் சிவப்பு ஆறை அடிக்காமல், அதன் பக்கத்தில் சின்னதாக நாலு பெயர்களை எழுதினார். ஜாபர் பெயரை எப்படி எழுதுவது என்று மட்டும் என்னைக் கேட்டார்.

"அப்போ பல்பீர்தான் பெரியவர், ஒத்துக்கொள்ளுங்கள் மாமா!" என்றார் டிரில் மாஸ்டர்.

"உன் பல்பீருக்கு 1956 இறுதிப் பந்தயத்தில் எத்தனை கோல், சொல்லு பார்ப்போம்?"

ஒன்றும் இல்லை. விரல் முறிந்த கையோடு ஆடினார். பாகிஸ்தானை இந்தியா 1-0 என்று வென்றது. இதற்கு டிரில் மாஸ்டர் சொன்ன பதிலை எழுத இடம் போதாது. அந்த ஒலிம்பிக்கில் 15 கோல் போட்ட உத்தம் சிங்கை வேறு இழுத்துவிட்டார்.

ரூப் சிங் பெயரில் குவாலியரில் ஒரு மைதானம் இருக்கிறது. 2010 பிப்ரவரியில் சச்சின் டெண்டுல்கர் ஒரு நாள் பந்தயத்தில் 200 ஓட்டம் எடுத்தது அங்கேதான். ஹாக்கிக்காரர் பெயர் தாங்கிய அந்த மைதானத்தில் ஆடியது கிரிக்கெட். எங்கள் தெருப் பையன்களுக்கு அந்த 200 மனப்பாடம். அன்று எதிர்த்து ஆடியது தென் ஆப்பிரிக்கா என்றுகூடச் சொல்கிறார்கள். ரூப் சிங் யார் என்று கேட்டேன். மைதானம் கட்டிக் கொடுத்த பணக்காரர் என்றான் ஒருவன்.