மூன்று நிமிடப் பாட்டும் இருபது நிமிடப் பாட்டும்



இசையின் வரலாற்றைப் பாடியவர்களின் வரலாறாக எழுதுவது பெருவழக்கு. அவ்விசையை விற்றவர்களின் வரலாறாகவும் அதனை எழுதலாம். 'ராக்' எனப்படும் மேனாட்டு இசையில் 'புரோகிரெசிவ் ராக்' என்றொரு பிரிவு தோன்றி, வளர்ந்து, தளர்ந்த வரலாற்றை இன்று அந்த நோக்கில் காண்போம். அது நிகழ்ந்த இடம் பெரும்பாலும் இங்கிலாந்து. காலம் 1967 முதல் ஏறத்தாழ 1977 வரை.

ராக் இசை தொடக்கத்தில் தூய கலையாக இருந்தது என்றும், பின்னரே வணிகம் புகுந்து அதனைக் கெடுத்தது என்றும் கூறுவோர் உளர். இக்கூற்று பொருந்தாது. எல்விஸ் பிரெஸ்லியின் ஒப்பந்தத்தைச் 'சன்' என்னும் சிறு கம்பெனியிடமிருந்து ஆர்.சி.ஏ. என்னும் பெரிய கம்பெனி 1955-ஆம் ஆண்டிலேயே 35,000 டாலர் கொடுத்து வாங்கிவிட்டது. ஆகவே நாம் கேட்கவேண்டிய வினா வேறு. பிறந்தது முதலே சந்தையில் வளர்ந்த அவ்விசைக்கு இடையில் ஒரு பத்தாண்டுக் காலம் மட்டும் அத்துணை உரிமை எவ்வாறு கிட்டியது?

முதலில் இசைத்தட்டைப் பற்றிச் சொல்லவேண்டும். நிமிடத்திற்கு 78 முறை சுழன்ற பழைய தட்டில், ஒரு பக்கத்தில் ஏறத்தாழ 3 நிமிடப் பாட்டே அடங்கும். நம் நாட்டுச் சங்கீத வித்துவான்களும் தம் ஆலாபனையைச் சுருக்கி அந்த அளவுக்குள் பாடியவர்களே. 1948-இல் அமெரிக்காவின் கொலம்பியா கம்பெனி எல்.பி. என்னும் நீண்ட இசைத்தட்டை வெளியிட்டது. ஒரு பக்கம் 20 நிமிடத்திற்கு மேலும் ஓடும். ஆயினும் ராக் பாடகர்கள் பல ஆண்டுகள் அதனைச் சிறு பாட்டுகளைத் தொகுத்து விற்கும் பையாகவே பயன்படுத்தினர்.

மாற்றம் 1967-இல் தெளிவாகத் தெரிந்தது. அதற்கு முந்திய ஆண்டு ஆகஸ்டில் ஊர் ஊராகச் சென்று பாடுவதை நிறுத்திவிட்ட பீட்டில்ஸ் குழுவினர், ஒலிப்பதிவுக் கூடத்திலேயே தங்கி 'சார்ஜண்ட் பெப்பர்' என்ற தட்டை உருவாக்கினர். அதில் ஒரு பாட்டுக்கு மட்டும் 40 வாத்தியக்காரர்கள் வரவழைக்கப்பட்டனர். தட்டு உலகெங்கும் விற்றது. கம்பெனி நிர்வாகிகளுக்கோ திகைப்பு! இளைஞர்கள் அடுத்து எதனை விரும்புவார்கள் என்று அவர்களால் கணிக்க இயலவில்லை. ஆதலின் டெக்கா கம்பெனி 'டெராம்' என்றும், ஈ.எம்.ஐ. கம்பெனி 'ஹார்வெஸ்ட்' என்றும், பிலிப்ஸ் கம்பெனி 'வெர்டிகோ' என்றும் தனிப் பெயர்களில் கிளைகளை நடத்திப் புதிய குழுக்களை அவரவர் போக்கில் விட்டன. இதனை நான் பெருந்தன்மை என்று கருதவில்லை. விலை போவது எது என்று அறியாதவன் பலவகை விதைகளையும் தூவிப் பார்ப்பது இயல்பு.

வானொலியில் பேசுகிறவன் வானொலியின் பங்கைச் சொல்லாமல் விடலாகாது. அமெரிக்காவில் ஏ.எம்., எஃப்.எம். என்னும் இரு அலைவரிசைகளிலும் ஒரே நிகழ்ச்சியை ஒலிபரப்பி வந்த நிலையங்கள் இனி அவ்வாறு செய்யலாகாது என்று அரசு 1960-களின் நடுவில் விதி வகுத்தது. எஃப்.எம். நேரத்தை நிரப்பியாக வேண்டும். நிலையத்தார் இளைஞர்களிடம் பொறுப்பை ஒப்படைத்தனர். அவர்கள் 20 நிமிடப் பாட்டையும் தயங்காமல் ஒலிபரப்பினர்.

இந்த இடைவெளியில் முளைத்த இசை வியப்புக்குரியது. கிங் கிரிம்சன் குழுவின் முதல் தட்டு 1969-இல் வந்தது. அதில் மெல்லொட்ரான் என்னும் கருவி முழங்கும். அதன் ஒவ்வொரு கட்டைக்கும் ஓர் ஒலிநாடா உண்டு. கட்டையை அழுத்தினால் முன்பே பதிந்த வயலின் ஒலி சுமார் 8 விநாடி ஒலிக்கும். ஜெனிசிஸ் குழு 1967-இல் சார்ட்டர்ஹவுஸ் என்னும் பள்ளியில் படித்த மாணவர்களால் தொடங்கப்பட்டது. தலைமையாசிரியனாக இருந்த எனக்கு இது மகிழ்ச்சி தரும் செய்தி. 1972-இல் ஜெத்ரோ டல் குழு தட்டின் இரு பக்கங்களையும் ஒரே பாட்டால் நிரப்பியது. அத்தட்டு அமெரிக்காவில் விற்பனையில் முதலிடம் பெற்றது.

1973-இல் யெஸ் குழு ஒருபடி மேலே சென்றது. பரமஹம்ச யோகானந்தரின் 'ஒரு யோகியின் சுயசரிதம்' என்னும் நூலில் நம் சாத்திரங்களின் நான்கு வகைகளை விளக்கும் ஓர் அடிக்குறிப்பு உண்டு. அதிலிருந்து நான்கு பாட்டுகள் பிறந்தன. இரண்டு தட்டுகளின் நான்கு பக்கங்களை அவை நிரப்பின. அடிக்குறிப்பைப் படிக்காமல் தாண்டிச் செல்லும் மாணவர்கள் இதனைக் கவனிக்க! ஆனால் அந்த 80 நிமிடமும் சுவையானது என்று நான் சொல்லமாட்டேன். அதில் வாசித்த ரிக் வேக்மேனே அடுத்த ஆண்டு குழுவை விட்டு விலகினார்.

அதே 1973-இல் பிங்க் ஃப்ளாய்ட் குழுவின் 'டார்க் சைடு ஆஃப் த மூன்' வெளிவந்தது. பணத்தைப் பற்றிய ஒரு பாட்டு அதில் உண்டு. நம் மிச்ர சாபுவைப் போல ஏழு எண்ணிக்கையில் நடப்பது. 1988 வரையில் அத்தட்டு அமெரிக்க விற்பனைப் பட்டியலில் 741 வாரம் இடம்பெற்றிருந்தது. இவ்வகை வெற்றிகளால் கம்பெனிகளின் திகைப்பு தீர்ந்தது; எது விலைபோகும் என்பது தெரிந்துவிட்டது. வானொலி நிலையங்களிலும் இன்ன பாட்டை இத்தனை முறை ஒலிபரப்புக என்று பட்டியல் தரும் ஆலோசகர்கள் வந்தனர். சிறிய மண்டபங்களில் பாடியவர்கள் பந்தாட்ட அரங்குகளுக்குப் போயினர்.

1977 ஜூலையில் மாண்ட்ரியால் நகரின் ஒலிம்பிக் அரங்கில் பிங்க் ஃப்ளாய்ட் பாடியபோது கூட்டத்தின் கூச்சலால் வெகுண்ட ராஜர் வாட்டர்ஸ், முன்வரிசையில் நின்ற ஓர் இரசிகர்மேல் உமிழ்ந்துவிட்டார். தன் செயலைக் கண்டு அவரே அதிர்ந்தார். பாடுவோருக்கும் கேட்போருக்கும் இடையே சுவர் எழுந்துவிட்டதை உணர்ந்தார். அவ்வுணர்விலிருந்தே 1979-இல் 'த வால்' என்னும் தட்டு வந்தது. அதனை மேடையேற்றியபோது மெய்யாகவே ஒரு பெருஞ்சுவரைக் கட்டி, அதன்பின் மறைந்து நின்று பாடினர். அந்தத் தட்டும் இலட்சக்கணக்கில் விற்றது.

பங்க் என்னும் முரட்டு இசை வந்து நெடும்பாட்டுகளை வீழ்த்தியது என்பர். சிறிதளவு உண்மைதான், அதனினும் பெரிய காரணம் முன்னர்க் கூறியதே. 1984 ஜனவரியில் அந்த யெஸ் குழுவே அமெரிக்காவில் முதலிடம் பெற்றது. அப்போது பாடியது நான்கரை நிமிடப் பாட்டு.

நெடும்பாட்டு அடியோடு அழிந்துவிடவில்லை. 1979-இல் தொடங்கிய மரிலியன் என்னும் ஆங்கிலேயக் குழுவுக்கு, 1997-இல் அமெரிக்கப் பயணம் செல்லப் பணம் இல்லை. இரசிகர்கள் இணையத்தின் வழியே தமக்குள் 60,000 டாலர் திரட்டி அனுப்பினர். சில ஆண்டுகளில் ஏறத்தாழ 12,000 பேர் இன்னும் பதிவாகாத ஒரு தட்டுக்கு முன்கூட்டியே விலை செலுத்தினர். அப்பணத்தைக் கொண்டு, 2001-இல் அது வெளிவந்தது.