சர்ப்பகந்தியும் மனச்சோர்வு மருந்துகளும்

ஜொகூர் மக்கள் பேச்சில் தம்போய் என்பது ஊர்ப்பெயர் மட்டும் அன்று. 1937ஆம் ஆண்டு அங்கே மனநோய் மருத்துவமனை அமைந்தது முதல், அப்பெயரைச் சொல்லுங்கால் குரலைத் தாழ்த்துவது வழக்கமாயிற்று. இன்று பெர்மாய் மருத்துவமனை என வழங்கும் அவ்விடம் தொடங்கிய நாளில், இக்காலத்து மனச்சோர்வு மாத்திரைகளுள் ஒன்றேனும் உலகில் தோன்றவில்லை. அவை தோன்றிய வரலாற்றில் பாரத நாட்டு வேர் ஒன்றுக்கும் பங்குண்டு என்பதை அன்பர் பலர் அறியார்.

அவ்வேர் சர்ப்பகந்தி. பாம்புக்கடிக்கும் உறக்கமின்மைக்கும் சித்தக் கலக்கத்துக்கும் நாட்டு மருத்துவர் அதனை நெடுங்காலம் கையாண்டனர். 1931இல் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் ஆகிய இருவரும் அது சித்தப்பிரமையையும் இரத்த அழுத்தத்தையும் தணிக்கும் என எழுதினர். எழுதியது இந்திய ஏட்டில். மேலை நாட்டார் பொருட்படுத்தவில்லை. 1949இல் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜல் வகீல் தாம் கண்ட பயனைப் பிரிட்டானிய இதய மருத்துவ ஏட்டில் வெளியிட்ட பின்னரே உலகம் திரும்பிப் பார்த்தது. 1952இல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனத்தார் வேரின் சத்தைப் பிரித்தெடுத்து ரெசர்பின் எனப் பெயரிட்டனர்.

இனித்தான் சிக்கல். இரத்த அழுத்தத்துக்காக அதனை உண்டவருள் சிலர் முகம் வாடி, எதிலும் பற்றின்றி, வாழ்வையே வெறுக்கத் தலைப்பட்டனர் என மருத்துவர் எழுதலாயினர். மூளையிலுள்ள செரட்டோனின் என்னும் பொருளை ரெசர்பின் வற்றச் செய்கிறது என்பது 1955இல் தெரியவந்தது. சோர்வின் காரணத்தை ஆராய்ந்தோர்க்கு அதுவே வழிகாட்டியாயிற்று. ஆயின் அதே ஆண்டில் இலண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் டேவிஸ், ஷெப்பர்டு என்போர் கவலையும் சோர்வும் உடையார்க்கு அதே மருந்தைக் கொடுத்தபோது நலமே மிகுந்தது! பழைய குறிப்புகளில் உடற்களைப்பையும் மனச்சோர்வையும் பிரித்தறியாமல் எழுதிவிட்டனர் என்பார் உளர். வழக்கு இன்னும் முடிந்தபாடில்லை.

ஐப்ரோனியாசிட்டின் கதை இதற்கு நேர்மாறானது. 1952இல் நியூயார்க்கு ஸ்டேட்டன் தீவில் காசநோய்க்குத் தந்த அம்மருந்து, படுக்கையில் கிடந்தவரை எழுந்து களிக்கச் செய்தது. 1957இல் நேத்தன் கிளைன் அதனை மனச்சோர்வுக்கு உரியதாக்கினார். கல்லீரல் கெட்டுக் காமாலை கண்டமையால் 1961இல் அமெரிக்காவில் அது கைவிடப்பட்டது. அவ்வினத்து வேறு மருந்துகளை உண்டவர்க்குத் திடீரெனக் கடுந்தலைவலியும் இரத்தக் கொதிப்பும் வந்த காரணம் எவர்க்கும் விளங்கவில்லை. பாலாடைக்கட்டி தின்றபோது தம் மனைவிக்குத் தலைவலி வந்தது என்று மருந்தாளர் ஒருவர் எழுதிய கடிதமே துப்பாயிற்று. 1963இல் பாரி பிளாக்வெல் அதனை ஆராய்ந்து வெளியிட்டார். (நம் அடுக்களையில் புழங்கும் பெலாச்சானும் சோயா கிச்சாப்பும் அவ்விலக்குப் பட்டியலில் உள்ளவையே.) மருத்துவத்தை நான்காகப் பகுத்த வள்ளுவர் நோயுற்றவனை முதலிலும் அருகிருந்து பேணுபவனை இறுதியிலும் வைத்தார், அக்குறளை நடத்தும் ஆசிரியர் இக்கடிதத்தையும் சொல்லலாம்.

1957இல் ரோலண்டு கூன் வெளிப்படுத்திய இமிப்பிரமின் வாயை உலர்த்தும், மலத்தைக் கட்டும். அளவு மிஞ்சினால் இதயத்தைத் தாக்கும். 1987இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற ஃபுளுவாக்செட்டினுக்கு அவ்வச்சம் மிகக் குறைவு. ஆனால் குமட்டல், உறக்கக் கேடு, இல்லற வேட்கைக் குறைவு ஆகியன உண்டு.

ஒன்றை விட்டு மற்றொன்றுக்கு மாறுவதும் எளிதன்று. ஃபுளுவாக்செட்டினின் எச்சம் உடலில் வாரக்கணக்கில் தங்கும். ஆதலின் அதனை நிறுத்தி, ஐப்ரோனியாசிட் இனத்து மருந்தைத் தொடங்க ஐந்து வாரமேனும் காத்திருப்பர். அவ்வினத்திலிருந்து இதற்கு வர இரண்டு வாரம். இடைவெளியின்றிக் கலந்தால் உயிருக்கே கேடு. வேறு சிலவற்றைப் படிப்படியாகக் குறைத்தபடியே அடுத்ததைக் கூட்டுவர். திடீரென நிறுத்தினால் தலைச்சுற்றலும் பதற்றமும் வரும்.

வாய் உலர்வது முதல் நாளே தெரியும். மனம் தெளியவோ இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். இந்த இடைக்காலத்தில்தான் நம் தோட்டத்து மக்கள், "மருந்து ஒத்துக்கொள்ளவில்லை" என்று பொட்டலத்தைப் பரணில் போட்டுவிடுகின்றனர். மறுமுறை மருத்துவர் வினவினால், மரியாதை கருதி "சாப்பிட்டேன் ஐயா" என்கின்றனர். அவரும் அதனை நம்பி, பயன்படாத மருந்து போலும் என்று எண்ணி, வேறொன்றை எழுதிக் கொடுக்கிறார்.