காஞ்சிக்கு வந்த துறவியும் கதையில் புகுந்த குரங்கும்

டி.என்.பி.எஸ்.சி. கைடைப் புரட்டிய எவருக்கும் யுவான் சுவாங்கைத் தெரியும். 640ஐ ஒட்டிக் காஞ்சிக்கு வந்த சீனத் துறவி. அப்போது முதலாம் நரசிம்மவர்மன் ஆட்சி. நூற்றுக்கு மேற்பட்ட பௌத்த மடங்களும் பத்தாயிரம் துறவிகளும் அங்கே இருந்ததாக எழுதினார். ஜனங்கள் தைரியசாலிகள், படிப்பை மதிப்பவர்கள் என்று நற்சான்றும் கொடுத்தார். இரண்டு மார்க் கேள்விக்கு இவ்வளவு போதும். இதே மனிதர் சீனத்தின் மிகப் பெரிய நாவல்களில் ஒன்றின் நாயகர் என்பதை எந்தக் கைடும் சொல்வதில்லை. நாயகர் என்பதும் பாதிதான் உண்மை. அந்த இடத்தை ஒரு குரங்கு பிடுங்கிக்கொண்டுவிட்டது.

எங்கள் ஊத்துக்கோட்டையை வெளியூர்க்காரர்கள் கிருஷ்ணா தண்ணீர் வரும் வழியாகவும், சுருட்டப்பள்ளிப் பிரதோஷத்துக்குப் போகிறபோது டீ குடிக்கிற இடமாகவும் அறிவார்கள். எனக்கு இது பாரதக் கூத்துப் பார்த்து வளர்ந்த மண். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை பார்த்த காலத்தில், கம்பெனி பஸ்ஸில் படிக்கவென்று எடுத்துப்போன புத்தகம், அந்த நாவலை ஆர்தர் வேலி 1942இல் சுருக்கி ஆங்கிலமாக்கிய ‘குரங்கு’. மூலத்தின் பெயர் ‘மேற்கு நோக்கிய பயணம்’, நூறு அத்தியாயம். 1592இல் நான்ஜிங்கில் அச்சானபோது ஆசிரியர் பெயர் போடவில்லை. இன்று வூ செங்ஏன் என்பவர் பெயரில் வழங்குகிறது. சீனா எனக்குத் தூரம்தான். ஆனால் கதை சொல்லும் தோரணை, அடுத்த தெருவில் விடிய விடியக் கேட்டதுபோல் இருந்தது.

உண்மையான யுவான் சுவாங்கை முதலில் பார்த்துவிடுவோம். எல்லை தாண்டத் தடை இருந்தும், 629 வாக்கில் யாருக்கும் தெரியாமல் நாட்டைவிட்டுக் கிளம்பியவர். நாளந்தாவில் அவருக்குக் குருவாக வாய்த்த முதியவர் சீலபத்திரர். அந்தச் சீலபத்திரருக்குக் குரு தர்மபாலர், காஞ்சி அமைச்சர் ஒருவரின் மகன். அரச குமாரியைக் கட்டிவைக்க ஏற்பாடு நடந்த இரவில் தர்மபாலர் துறவு பூண்டு வெளியேறிய கதையை யுவான் சுவாங்கே பதிந்திருக்கிறார். ஆக, அவர் வந்து சேர்ந்த காஞ்சி தம் குருவின் குரு பிறந்த ஊரும்கூட. அங்கிருந்து இலங்கைக்குக் கப்பலேற எண்ணியிருந்தார். அரசன் இறந்து பஞ்சமும் குழப்பமும் தலைவிரித்தாடுகிறது என்று இலங்கையிலிருந்து வந்த துறவிகள் சொல்ல, அந்த எண்ணத்தைக் கைவிட்டார். 645இல் 657 ஏடுகளோடு ஊர் திரும்பியவர், 664இல் கண்மூடும்வரை மொழிபெயர்த்துக்கொண்டே இருந்தார்.

நாவலிலோ இந்த அசாத்திய மனிதர் குதிரைமேல் உட்கார்ந்து அழுகிறார். காற்று பலமாக அடித்தாலே நடுங்குகிறார். நாலு அத்தியாயத்துக்கு ஒருமுறை ஏதாவது ஓர் அரக்கன் அவரைத் தூக்கிப்போய்ச் சமைக்கப் பார்க்கிறான். ஒவ்வொரு முறையும் மீட்பது சுன் வூகோங் என்ற குரங்கு. கல்லில் பிறந்தது, மேலுலகில் குதிரை லாயம் பார்க்கச் சொன்னார்கள் என்று கோபித்துக்கொண்டு தேவர் சேனையையே துவம்சம் செய்தது, அதற்குத் தண்டனையாக ஐந்நூறு ஆண்டு மலைக்கடியில் கிடந்தது. அதன் இரும்புத் தடியின் எடை, சீன அளவில் 13,500 காட்டி. வேண்டாதபோது ஊசியளவாக்கிக் காதுக்குள் செருகிக்கொள்ளும். இத்தனை பாடுபட்டுப் புத்தரின் மலைக்குப் போய்ச் சேர்ந்தால், ஏடு கொடுக்க வேண்டிய ஆனந்தரும் காசியபரும் ‘எங்களுக்கு என்ன கொண்டுவந்தீர்கள்?’ என்று கை நீட்டுகிறார்கள். ஒன்றும் இல்லை என்றதும் வெற்றுத் தாளைக் கட்டிக் கொடுத்தனுப்புகிறார்கள். கடைசியில் சக்கரவர்த்தி தந்த தங்கத் திருவோட்டைக் கொடுத்த பிறகுதான் எழுத்துள்ள ஏடு கிடைக்கிறது. தாலுகா ஆபீஸுக்கு அலைந்தவர்கள் இந்த இடத்தில் சிரிக்காமல் தாண்ட முடியாது.

துறவியை இப்படி ஆக்கியது ஒரே எழுத்தாளர் அல்ல, ஒன்பது நூற்றாண்டுக் கதைசொல்லிகள். சுங் வம்சத்துத் தலைநகரங்களில் கேளிக்கைக்கென்றே பேட்டைகள் இருந்தன. கதை சொல்வது அங்கே பிழைப்பு. சரித்திரம் சொல்பவர் வேறு, பௌத்தக் கதை சொல்பவர் வேறு. கவிஞர் சூ தோங்போ எழுதிவைத்த ஒரு குறிப்பு எனக்கு மிகவும் பிடிக்கும். வீட்டில் தொல்லை தாங்காமல் பிள்ளைகளுக்குக் காசு கொடுத்துக் கதை கேட்க அனுப்புவார்களாம். மூன்று அரசுகளின் கதையில் நல்லவனான லியூ பெய் தோற்றால் பிள்ளைகள் அழும். அவன் எதிரி சாவ் சாவ் தோற்றால் குதிக்கும். அந்தக் கதை நாவலாக எழுதப்படுவதற்கு முந்நூறு ஆண்டுக்கு முன்பே கட்சி பிரிந்தாகிவிட்டது.

எங்கள் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து. பிரசங்கியார் சரியான இடத்தில் நிறுத்தி, மிச்சம் நாளைக்கு என்பார். சீன நாவல்களும் அப்படித்தான்: என்ன ஆயிற்று என்று அறிய அடுத்த அத்தியாயம் கேளுங்கள் என்று ஒவ்வோர் அத்தியாயமும் முடியும். அச்சுக்கு வந்த பிறகும் ‘கேளுங்கள்’தான், ‘படியுங்கள்’ இல்லை. படுகளத்தன்று மண்ணில் மல்லாந்து கிடக்கும் துரியோதனனைப் பார்க்கத்தான் ஜனம் முண்டியடிக்கிறது. தருமன் நல்லவன், ஆனால் இரவு முழுக்க ஜனத்தை விழிக்க வைக்க நல்லவனால் முடியாது. யுவான் சுவாங்குக்கு நேர்ந்ததும் இதே கதிதான். கட்டியக்காரனே ராஜபார்ட்டான கூத்து என்று அந்த நாவலைச் சொல்லலாம்.

குரங்கு எங்கிருந்து வந்தது? 13ஆம் நூற்றாண்டுக் கதைப்பிரதி ஒன்றில், வெள்ளையுடை உடுத்திய படிப்பாளி வேடத்தில் வந்து துறவியோடு சேர்ந்துகொள்கிறது. 1920களில் ஹூ ஷி என்ற சீன அறிஞர், மூலம் நம் அனுமன்தான் என்றார். எழுத்தாளர் லூ சுன் ஒப்பவில்லை, சீனத்துப் பழைய நீர்ப்பூதம் ஒன்றைக் காட்டினார். வழக்கு இன்னும் முடியவில்லை. சுவான்சோ துறைமுகத்தில் காய்யுவான் கோயிலின் மேற்குக் கோபுரத்தில், 1237இல் முடிந்த அந்தக் கல் கட்டடத்தில், வாளேந்திய குரங்குமுகக் காவலன் ஒருவன் நிற்கிறான். அதே ஊரில் தமிழ் வணிகர்கள் சிவன் கோயில் கட்டியிருந்தார்கள். 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. சரக்கோடு சரக்காக ராமாயணமும் இறங்கியிருக்கும் என்பது என் கட்சி. துறைமுகத்தில் இறங்கும் மாலுமி வாயை மூடிக்கொண்டா இருப்பான்?

சீனத்தின் மற்றப் பெரிய நாவல்களில் ‘மூன்று அரசுகள்’ லுவோ குவான்சோங் பெயரில் வழங்குவது. ஹான் வம்சம் சிதைவதில் தொடங்கி 280 வரை போகிறது. அதில் வரும் குவான் யூ என்ற தளபதி பிற்பாடு சாமியாகிக் கோயில் கொண்டுவிட்டார். போரில் செத்த வீரனைக் கும்பிடும் நமக்கு இது புதிதல்ல. ‘நீர்க்கரை’ 108 கலகக்காரர்களின் கதை. லியாங்ஷான் சதுப்புநிலத்தில் கூடி அதிகாரிகளை நடுங்கவைக்கிறார்கள். சண்டைகள் எனக்குக் கொஞ்சம் அலுத்தன, ரத்தமும் அதிகம்.

‘செம்மாடக் கனவு’ இந்த வரிசையில் சேராது. சாவ் சுவேசின் தம் வீட்டு வீழ்ச்சியையே உட்கார்ந்து எழுதியது அது. நான்ஜிங்கில் அரண்மனைப் பட்டுத் தறிகளுக்குப் பொறுப்பாக இருந்த குடும்பம். 1728இல் சொத்து ஜப்தியானது. அவர் 1760களில் இறந்தபோது எண்பது அத்தியாயம் கையெழுத்துப் பிரதியாகச் சுற்றிக்கொண்டிருந்தது. 1791இல்தான் நூற்றிருபதாக அச்சேறியது. மிச்சம் நாற்பது யாருடையது என்று இன்னமும் சண்டை. அடிதடி கிடையாது, ஒரு பெண் உதிர்ந்த பூக்களைப் பொறுக்கிப் புதைக்கிறாள், பாட்டி விருந்து வைக்கிறாள், வேலைக்காரிகள் முணுமுணுக்கிறார்கள். தெருவில் நின்று சொன்னால் பத்து நிமிடத்தில் கூட்டம் கலைந்துவிடும். கேட்கிறவர்களிடம் குரங்கிலிருந்து ஆரம்பியுங்கள் என்றுதான் சொல்கிறேன். செம்மாடத்துக்கு ஐம்பது வயதுக்குமேல் போனால் போதும்.