பாடல்: நாட்டுப்புறம், இசை: நாங்கள்

போன மாதம் கள்ளக்குறிச்சியில் மூன்று கல்லூரி மாணவர்கள் வந்து ஒரு பாட்டைப் போட்டுக் காட்டினார்கள். கல்வராயன் மலையில், வெள்ளிமலைப் பக்கத்து ஊர் ஒன்றில், ஒரு பாட்டி களையெடுப்புப் பாட்டு பாடியிருக்கிறார். அதை செல்போனில் பதிவு செய்து, கீழே கொண்டுவந்து, எலக்ட்ரிக் கிட்டாரும் டிரம்ஸும் சேர்த்திருக்கிறார்கள். கேட்க நன்றாகவே இருந்தது. பாட்டியின் குரல் இழுக்கிற இடத்தில் கிட்டார் அடங்கி, அவர் மூச்சு வாங்குகிற இடத்தில் எழுந்து வருகிறது. யூடியூபில் ஏற்றியாகிவிட்டது. கீழே விவரக்குறிப்பைப் பார்த்தேன். "பாடல்: நாட்டுப்புறம்". அடுத்த வரியில் "இசை" என்று போட்டு, அவர்கள் மூவரின் குழுப் பெயர்.

"பாட்டி பேர் என்ன தம்பி?" என்றேன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மூவரும் நம் பிள்ளைகள். சேரியில் பிறந்து, அம்பேத்கரைப் படித்து, மேடைக்கு மேடை 'ஜெய்பீம்' சொல்கிறவர்கள். அன்றைக்கு அவர்களிடம் அரைகுறையாகச் சொன்ன ஒரு வரலாற்றைத்தான் இங்கே கொஞ்சம் ஒழுங்காக எழுதிப் பார்க்கிறேன்.

2018 ஜனவரி 6, சென்னை கீழ்ப்பாக்கம் சி.எஸ்.ஐ. பெயின்ஸ் பள்ளி மைதானம். மார்கழி முடிய இன்னும் ஒரு வாரம் இருந்தது. சபாக்களில் கச்சேரி சீசன். அந்த நேரம் பார்த்து 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' மேடையேறியது. மொத்தம் 19 பேர். கானா பாடகர்கள், ராப் பாடகர்கள், பறை, சட்டி, கட்ட மோளம், பக்கத்திலேயே எலக்ட்ரிக் கிட்டாரும் டிரம்ஸும். ஒரே பெண் இசைவாணி. இட ஒதுக்கீடும் மாட்டுக்கறியும் ஆணவக்கொலையும் பாட்டாக வந்தன. இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் டென்மாவின் மெட்ராஸ் ரெக்கார்ட்ஸும் சேர்ந்து உருவாக்கிய குழு அது. பண்டிதர் அயோத்திதாசர் சொன்ன 'சாதியில்லாத் தமிழர்' என்பதிலிருந்து பெயரை எடுத்தார்கள். 1907-ல் 'ஒரு பைசாத் தமிழன்' நடத்தியவரின் சொல், நூறாண்டு கழித்து ஒரு ராக் இசைக்குழுவின் பெயர்ப் பலகைக்கு வந்து சேர்ந்தது.

அந்த 19 பேரில் இரண்டு பேரை மட்டும் இங்கே பார்ப்போம். ஒருவர் டென்மா. சென்னையின் சுயாதீன இசைக் களத்திலிருந்து வந்தவர். கேபர் வாசுகியோடு சேர்ந்து 'குரங்கன்' என்ற இசைக்குழுவை நடத்தியவர். கிட்டாரும் ஆம்ப்ளிஃபயரும் புழங்கிய உலகம் அது. சென்னையில் அந்த உலகத்தின் கதவு நெடுங்காலம் ஆங்கிலம் பேசுகிறவர்களுக்குத்தான் திறந்திருந்தது. இன்னொருவர் அறிவு. அரக்கோணத்துக்காரர், பொறியியல் படித்தவர். அவரிடம் கிட்டார் இல்லை, சொல் இருந்தது. பாட்டி வள்ளியம்மாளிடம் கேட்டு வளர்ந்த ஒப்பாரியும் கதையும் இருந்தன. பண்பாடு கலப்பது என்றாலே கடல் தாண்டியவர்களைத்தான் காட்டுவார்கள். சென்னையின் ராக் அரங்குக்கும் அரக்கோணத்துச் சேரிக்கும் நடுவே இருந்த தூரம் எந்தக் கடலுக்கும் குறைந்ததல்ல.

இந்த இரண்டும் ஒரே மேடையில் நிற்பது கேட்பதற்குத்தான் எளிது. கானாக்காரர் சாவு வீட்டில் விடிய விடியப் பாடிப் பழகியவர். எங்கே நீட்டுவது, எங்கே வெட்டுவது என்பதை எதிரே உட்கார்ந்திருக்கிற கூட்டம் முடிவு செய்யும். ராக் இசைக்குழுவோ நாலு எண்ணித்தான் ஆரம்பிக்கும். சுருதி முன்கூட்டியே தீர்மானமாகியிருக்கும். பறையைத் தீயில் காய்ச்சினால்தான் நாதம் ஏறும், ஆறினால் இறங்கிவிடும். நம் ஊர்த் திருவிழாவில் வைக்கோலைக் கொளுத்திக் காய்ச்சலாம், அரங்க மேடையில் தீ மூட்ட யார் விடுவார்கள்? ஆக, யார் யாருக்காகத் தன்னை மாற்றிக்கொள்வது என்ற கேள்வி தாளத்திலேயே தொடங்கிவிடுகிறது. சினிமாவில் இதற்குப் பழைய விடை ஒன்று உண்டு. பறையை நாலு விநாடி 'குத்து'க்காக எடுத்துக்கொண்டு, மீதியை கீபோர்டில் முடித்துவிடுவார்கள். காஸ்ட்லெஸ் கலெக்டிவில் கிட்டார் பின்னால் போய் நின்றது. கானாவும் ராப்பும் முன்னால் நின்றன. என் காதுக்கு அந்தக் குழுவின் பெரிய சாதனை இதுதான். அரசியல் வரிகளை எழுத நம்மிடம் எப்போதும் ஆள் இருந்தார்கள்.

இப்படியொரு கூட்டு உலகத்தில் புதிதல்ல. தென்னாப்பிரிக்காவில் நிறவெறி ஆட்சி நடந்தபோது ஜானி கிளெக் என்ற வெள்ளைக்காரப் பையன், ஜோகன்னஸ்பர்கில் ஒரு ஜூலு துப்புரவுத் தொழிலாளியிடம் தெரு கிட்டார் கற்றுக்கொண்டான். கறுப்பர் குடியிருப்புகளுக்குள் போனதற்காகச் சிறுவயதிலேயே போலீசில் பிடிபட்டான். அங்கே தோட்ட வேலைக்கு வந்திருந்த ஜூலு இளைஞர் சிபோ முச்சுனு இந்தப் பையனைப் பற்றிக் கேள்விப்பட்டு, கிட்டார் போட்டிக்கு அழைத்தார். போட்டி நட்பாகி, நட்பு 'ஜுலூகா' என்ற இசைக்குழுவானது. ஜூலு மொழியில் அதற்கு 'வியர்வை' என்று பொருள். முச்சுனுவின் காளை ஒன்றின் பெயரும் அதுவே. 1979-ல் முதல் இசைத்தட்டு வந்தது. வெள்ளையரும் கறுப்பரும் ஒரே பொதுமேடையில் நிற்க முடியாத காலம். அதனால் தேவாலயக் கூடங்களிலும் பல்கலைக்கழகங்களிலும் தொழிலாளர் விடுதிகளிலும் பாடினார்கள். ஆங்கிலத்தையும் ஜூலுவையும் ஒரே பாட்டில் கலந்ததால் அரசு வானொலி அவர்களை ஒதுக்கியது. மொழிக்கும் தனித்தனிச் சேரி கட்டி வைத்திருந்தார்கள்!

1985-ல் குழு பிரிந்தது. முச்சுனு ஊருக்குத் திரும்பி மாடு வளர்க்கப் போனார். கிளெக் புதிய குழு தொடங்கினார். பிரான்சில் அவரை 'வெள்ளை ஜூலு' என்று கொண்டாடினார்கள். இதில் கிளெக்கைக் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. தனக்குக் கற்றுக்கொடுத்தவர்களின் பெயரைக் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தவர் அவர். மண்டேலா சிறையில் இருந்தபோதே அவருக்காகப் பாடியவர். ஊர் திரும்பியது முச்சுனுவின் சொந்த முடிவு. 1997-ல் இருவரும் மீண்டும் சேர்ந்து ஓர் இசைத்தட்டு வெளியிட்டார்கள். ஆனாலும் 'வெள்ளை ஜூலு' என்ற பட்டம் என்னை உறுத்துகிறது. ஜூலு ஜூலுவாக இருந்தால் உலகத்துக்கு அது செய்தி இல்லை போலும்.

நம் கதைக்கு வருவோம். காஸ்ட்லெஸ் கலெக்டிவுக்குப் பிறகு டென்மா திரைப்படங்களுக்கு இசையமைத்தார். 2019-ல் 'இரண்டாம் உலகப்போரின் கடைசி குண்டு', 2022-ல் 'நட்சத்திரம் நகர்கிறது'. அறிவு, ஆஃப்ரோ என்ற இசைத் தயாரிப்பாளரோடு சேர்ந்து 2019-ல் 'தெருக்குறள்' தொகுப்பைக் கொண்டுவந்தார். தூத்துக்குடி துப்பாக்கிச்சூட்டில் கொல்லப்பட்ட ஸ்னோலின் பெயரிலேயே அதில் ஒரு பாட்டு உண்டு. அட்டையில் இரண்டு பேர், இரண்டு பெயர். எந்தக் குழப்பமும் இல்லை.

குழப்பம் வந்தது வெற்றியோடு. 2021 மார்ச்சில் 'என்ஜாய் எஞ்சாமி' வெளியானது. பாடியவர்கள் தீயும் அறிவும். தயாரிப்பு சந்தோஷ் நாராயணன். வெளியிட்டது 'மாஜா' நிறுவனம். வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்தவர். 1964-ல் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 மலையகத் தமிழர்களை இந்தியாவுக்கு அனுப்பலாம் என்று, அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல், கணக்குப் போட்டது. அப்படித் திரும்பிய தலைமுறையின் கதைதான் அந்தப் பாட்டு. காட்டைத் திருத்தித் தோட்டமாக்கியவர்களின் கையில் ஒரு பிடி மண்கூட இல்லை.

கல்வராயன் மலையில் இந்தப் பாட்டு ஏன் அப்படிப் பரவியது என்று யோசித்திருக்கிறேன். அங்கே வாழும் மலையாளிப் பழங்குடிகள் (கேரளத்து மலையாளிகள் என்று இன்னமும் நம் ஆட்களே நினைத்துக்கொள்கிறார்கள்) 1970-கள் வரை ஜாகிர்தார்களின் பிடியில் இருந்தவர்கள். நாடு விடுதலையடைந்து முப்பது ஆண்டுகள் நெருங்கும்வரை மலையில் ஜாகிர் ஆட்சியின் மிச்சம் இருந்தது. நிலத்துக்குப் பட்டா கேட்டு இன்றைக்கும் நடையாய் நடக்கிறார்கள். அவர்களுக்கு அந்தப் பாட்டின் பொருளை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

2021 ஆகஸ்ட்டில் 'ரோலிங் ஸ்டோன் இந்தியா' இதழின் அட்டையில் தீயும் கனடா தமிழ் ராப் கலைஞர் ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தார்கள். 'என்ஜாய் எஞ்சாமி', 'நீயே ஒளி' இரண்டின் வெற்றியையும் சொல்லித்தான் அந்த அட்டை. இரண்டுக்குமே வரிகளை எழுதியவர் அறிவு. அவர் படம் இல்லை. ரஞ்சித் வெளிப்படையாகக் கேட்டார், சர்ச்சை எழுந்தது, பிறகு அறிவுக்குத் தனியாக ஓர் அட்டை வந்தது. கேட்ட பிறகு வருவதற்குப் பெயர் மரியாதையா?

2022 ஜூலையில் மாமல்லபுரம் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழா சென்னையில் நடந்தது. அந்த மேடையில் தீயோடு பாடியவர் கிடாக்குழி மாரியம்மாள். அறிவு இல்லை. சில நாளில் அறிவு எழுதினார்: பாட்டை இயற்றியதும் எழுதியதும் பாடியதும் நடித்ததும் தான்தான், மாதக்கணக்கில் தூங்காமல் உழைத்தேன் என்று. சந்தோஷ் நாராயணன் மறுத்தார். இது மூவரின் கூட்டு உழைப்பு, வருமானமும் மூவருக்கும் சமம் என்றார். எல்லா மேடையிலும் அறிவின் பெயரைச் சொல்லியே வந்திருக்கிறேன் என்றார் தீ. விழா நடந்தபோது அறிவு அமெரிக்காவில் இருந்தார் என்றும் விளக்கம் வந்தது. 2024-ல் சந்தோஷ் நாராயணனே ஒரு வீடியோவில் வந்து, இந்தப் பாட்டிலிருந்து தங்களுக்கு ஒரு பைசாகூட வரவில்லை என்றார்.

மெட்டு யாருடையது என்று தீர்ப்புச் சொல்ல நான் அந்த அறையில் இல்லை. நம் இளைஞர்கள் பலர் இதை அறிவு எதிர் சந்தோஷ் என்ற மல்யுத்தமாக்கி, பக்கம் பிரிந்து திட்டிக்கொண்டதில் ஒன்று காணாமல் போனது. மூவர் சேர்ந்து ஒரு பாட்டுச் செய்தால், அதில் ஒருவர் மட்டும் சேரியிலிருந்து வந்தவராக இருந்தால், அட்டையிலிருந்தும் மேடையிலிருந்தும் முதலில் கழன்று விழுவது யார் பெயர்? திட்டம் போட்டு யாரும் கழற்ற வேண்டியதில்லை. அட்டை வடிவமைப்பவரும் நிகழ்ச்சி அமைப்பாளரும் அன்றாடப் பழக்கத்தில் செய்துவிடுகிறார்கள். சாதி பெரும்பாலும் அப்படித்தான் வேலை செய்கிறது.

பெயர் நிலைத்தாலும் நிம்மதி இல்லை. இசைவாணியை பி.பி.சி. 2020-ல் உலகின் நூறு பெண்களில் ஒருவராக அறிவித்தது. நான்கு ஆண்டுகள் கழித்து, அவர் எப்போதோ பாடிய ஐயப்பன் பாட்டைத் தோண்டி எடுத்து, அவர் படத்தைப் பரப்பி, ஆபாசமாகவும் மிரட்டலாகவும் தாக்கினார்கள். 19 பேர் மேடையேறிய குழுவில் ஒரே பெண்ணாக இருந்தவரை மட்டும் தேடி வந்து அடித்தார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-ல் ஒரு திருத்தம் வந்தது. பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் உரிமையை நிறுவனத்துக்கு எழுதிக் கொடுத்தாலும், ராயல்டியில் தமக்குள்ள சமபங்கை விட்டுக்கொடுக்க முடியாது. விட்டுக்கொடுப்பதாகக் கையெழுத்துப் போட்டாலும் செல்லாது. பாடகருக்கும் பங்கு உண்டு. ஆனால் இது எல்லாம் பெயர் பதிவானவர்களுக்கு. ஒரு பாட்டை 'நாட்டுப்புறம்' என்று எழுதிவிட்டால் ஆசிரியர் இல்லை, பங்கும் இல்லை. அந்த ஒரு சொல்லை வைத்து நம் தாத்தா பாட்டிகளின் பாட்டை எத்தனை பேர் அள்ளிக்கொண்டு போனார்கள் என்று மேடையில் பேசுகிறோம். வெள்ளிமலைக்கு செல்போனோடு ஏறுகிறபோது அதே சொல்லை நாமும் எழுதுகிறோம். மலையில் நாம் கீழ்நாட்டுக்காரர்கள். அங்கே கிட்டார் நம் கையில் இருக்கிறது.

2024-ல் அறிவு தன் தனித்தொகுப்பை வெளியிட்டார். பெயர்: 'வள்ளியம்மா பேராண்டி'. யார் அட்டை அடித்தாலும், யார் மேடை போட்டாலும், இனி பாட்டியின் பெயரைச் சொல்லாமல் அந்தத் தொகுப்பின் பெயரைச் சொல்ல முடியாது.

மாணவர்கள் மூவரும் இரண்டு வாரம் கழித்து மறுபடி மலைக்குப் போனார்கள். பாட்டியிடம் பாட்டைப் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். அவருக்கு டிரம்ஸ் பிடிக்கவில்லையாம், "எதுக்கு சாமி இவ்வளவு சத்தம்" என்றாராம். இரண்டாவது அடியை அவர்கள் தப்பாக வெட்டி ஒட்டியிருப்பதையும் கண்டுபிடித்துவிட்டார். இப்போது விவரக்குறிப்பில் அவர் பெயர் இருக்கிறது, அவரிடம் கேட்டுத்தான் போட்டிருக்கிறார்கள். 'இசை' என்ற வரியிலும் அவர் பெயர் வர வேண்டுமா என்பதில் மூவருக்கும் இன்னும் சண்டை ஓடுகிறது. நேற்று ராத்திரி பதினொரு மணிக்கு போன் பண்ணி, "நீங்களே சொல்லுங்கண்ணா" என்றார்கள். பாட்டியிடம் கேளுங்கள் என்றேன்.