இயக்குதள மேம்படுத்தல்

இயக்குதள மேம்படுத்தல் என்பது ஒரு கணினியில் ஏற்கனவே நிறுவப்பட்டுள்ள இயக்குதளத்தை அதன் அடுத்த பெரும் பதிப்புக்கு மாற்றுவதாகும். விண்டோஸ் 10 இலிருந்து விண்டோஸ் 11 க்கும், உபுண்டுவின் ஒரு நெடுங்கால ஆதரவுப் பதிப்பிலிருந்து அடுத்ததற்கும் மாறுவது இதற்கு எடுத்துக்காட்டுகள். ஒரே பதிப்புக்குள் அவ்வப்போது வெளிவரும் பாதுகாப்புத் திருத்தங்களை நிறுவுவது இதிலிருந்து வேறான செயல். முன்னதைத் தள்ளிப்போடலாம்; பின்னதைத் தள்ளிப்போடுவது இடர் மிக்கது. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதி, புதிய பதிப்பைப் பற்றிய அச்சத்தால் திருத்தங்களையும் நிறுத்தி வைக்கும் பழக்கம் பரவலாகக் காணப்படுகிறது.

புதிய பதிப்பு வெளியானவுடன் மாறுவதா, சிறிது காலம் பொறுப்பதா என்ற கேள்விக்கு எல்லாக் கணினிகளுக்கும் பொருந்தும் ஒரே விடை இல்லை. இயக்குதளத்தின் தரத்தைக் காட்டிலும், அதனைச் சார்ந்துள்ள அச்சுப்பொறி, எழுத்துரு, விசைப்பலகைச் செயலி, பழைய கோப்புகள் ஆகியவையே பெரும்பாலும் விடையைத் தீர்மானிக்கின்றன. தமிழில் கணினியைப் பயன்படுத்தியோர் இதனைக் கடுமையாகவே உணர்ந்தனர்.

வெளியீட்டை ஒட்டிய சிக்கல்கள்

ஓர் இயக்குதளம் வெளியாகும் முன் சோதனைப் பதிப்புகளாகப் பலரிடம் கொடுக்கப்படுகிறது. ஆயினும் உலகிலுள்ள வன்பொருள்களின் சேர்க்கைகள் எண்ணிலடங்காதவை. ஒவ்வோர் அச்சுப்பொறிக்கும் வருடிக்கும் டிரைவர் எனப்படும் இயக்கி நிரல் வேண்டும். அதனை எழுதுவது அச்சுப்பொறி நிறுவனமேயன்றி இயக்குதள நிறுவனம் அன்று. புதிய பதிப்பு உள்ளமைப்பை மாற்றும்போது இயக்கி நிரல்களும் மாற்றி எழுதப்பட வேண்டும். விற்று முடிந்துவிட்ட பழைய கருவிக்கு அவ்வேலையைச் செய்வதில் நிறுவனங்களுக்கு ஊதியம் இல்லை.

2007 சனவரி 30 அன்று பொதுமக்களுக்கு வெளியான விண்டோஸ் விஸ்டா இதற்கு நன்கு அறியப்பட்ட சான்று. அதன் தொடக்க மாதங்களில் எழுந்த முறைப்பாடுகளில் பெரும்பகுதி இயக்கி நிரல்களைப் பற்றியவை. இயக்கி நிரல்கள் தேறியபின், பெரும்பாலும் அதே அடித்தளத்தின் மேல் 2009 அக்டோபர் 22 அன்று வெளிவந்த விண்டோஸ் 7 நல்ல வரவேற்பைப் பெற்றது.

சில வேளைகளில் இழப்பு தரவிலேயே நேர்கிறது. விண்டோஸ் 10 இன் 2018 அக்டோபர்ப் புதுப்பிப்பு அம்மாதம் 2 ஆம் நாள் வெளியாகி, சில நாட்களிலேயே நிறுத்தப்பட்டது. தம் ஆவணக் கோப்புறையை வேறொரு வட்டுப் பகுதிக்குத் திருப்பி வைத்திருந்தவர்களின் கணினிகளில், பழைய இடத்தைத் தேவையற்ற இரட்டிப்பு எனக் கொண்டு அது அழித்தது. அங்கே எஞ்சியிருந்த கோப்புகளும் சேர்ந்து அழிந்தன. திருத்தப்பட்ட பதிப்பு நவம்பர் 13 அன்றே மீண்டும் வெளியிடப்பட்டது. பாதிக்கப்பட்டோர் விகித அளவில் மிகச் சிலரே. எனினும் அவர்கள் வெளியான சில நாட்களுக்குள் தாமாக முன்வந்து மாறியவர்கள் என்பது கவனிக்கத்தக்கது.

பிழையே இல்லாத பதிப்பும் பழையதைக் கைவிடக்கூடும். 2019 அக்டோபர் 7 இல் வெளிவந்த மாக் இயக்குதளமான கேட்டலினா, 32 நுண்மிச் செயலிகளை இயக்குவதை முற்றாக நிறுத்தியது. இத்தகைய மாற்றம் பிழையன்று, முடிவு. எத்தனை மாதம் பொறுத்தாலும் அது திருத்தப்படப் போவதில்லை.

தமிழ்க் கணிமையின் பட்டறிவு

1990களில் தமிழ் எழுத்துகள், ஆங்கில எழுத்துருக்களின் இடங்களில் தமிழ் வடிவங்களை வைத்து உருவாக்கப்பட்ட எட்டு நுண்மி எழுத்துருக்கள் வழியாகவே கணினியில் காட்டப்பட்டன. பாமினி, வானவில், டிஸ்கி, டாப், டாம் எனக் குறியாக்கங்கள் பலவாயின. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டையடுத்து டாம், டாப் குறியாக்கங்களைத் தமிழ்நாடு அரசு ஏற்றது. இவை எவற்றிலும் இயக்குதளத்துக்குத் தான் தமிழைக் கையாள்கிறோம் என்பதே தெரியாது. உதாரணமாக, 173 ஆம் இடம் பொதுவாக வரியுடைப்புக்கான மறைகுறிக்கு உரியது. ஒரு குறியாக்கம் அவ்விடத்தில் தமிழ் எழுத்தொன்றை வைத்திருந்தால், புதிய மென்பொருள் அதனைக் குறியாகவே கொண்டு மறைத்துவிடும். பழைய பதிப்பில் சரியாகத் தெரிந்த பக்கத்தில் எழுத்துகள் காணாமற்போவதற்கு இத்தகைய மோதல்கள் ஒரு காரணம்.

ஒருங்குறித் தமிழை நேரடியாகக் காட்டிய முதல் விண்டோஸ், 2000 பிப்ரவரியில் வெளிவந்த விண்டோஸ் 2000 ஆகும். லதா எழுத்துரு அதனுடன் வந்தது. 2001 அக்டோபர் 25 இல் வெளிவந்த எக்ஸ்பியிலும் இவ்வசதி இருந்தது. ஆயினும் சிக்கலான எழுத்துமுறைகளுக்கான தெரிவைப் பயனரே இயக்கி, நிறுவல் குறுவட்டையும் கேட்கும்போது இட வேண்டியிருந்தது. வட்டு கைவசம் இல்லாதவருக்கு, இடம் மாறிய கொம்பும் காலுமாகவே தமிழ் தெரிந்தது. விஸ்டாவிலிருந்து இவ்வசதி இயல்பாகவே இயங்கத் தொடங்கியது. ஆங்கிலப் பயனருக்குத் தள்ளிப்போடத்தக்கதாகத் தோன்றிய விஸ்டா, தமிழில் படிப்பவருக்கு ஒரு தடையை நீக்கிய பதிப்பாகவும் இருந்தது. விஸ்டாவைப் பற்றிய பொதுவான மதிப்பீடுகளில் இப்பக்கம் இடம்பெறுவதில்லை.

எழுத்துகளின் வரவும் இதைப் போன்றதே. ‘ஶ’ எழுத்து 2005 இல் ஒருங்குறி 4.1 இல் சேர்க்கப்பட்டது. மரபான பின்னக் குறியீடுகள் முதலியன அடங்கிய தமிழ்ப் பின்னிணைப்புத் தொகுதி 2019 மார்ச்சில் 12.0 பதிப்பில் இடம்பெற்றது. எழுத்துரு புதுப்பிக்கப்படாத கணினியில் இவை வெற்றுக் கட்டங்களாகவே தெரியும்.

மறுபுறம், அச்சகங்களின் நிலை வேறு. செங்கல்பட்டு, சிங்கப்பெருமாள் கோயில் போன்ற சாலையோர ஊர்களில் திருமண அழைப்பிதழ் அச்சிடும் கடை ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். கடையின் மூலதனம் கணினியன்று. பல ஆண்டுகளாகச் சேர்ந்த பேஜ்மேக்கர் கோப்புகளே. 2001 இல் வெளிவந்த 7.0 உடன் பேஜ்மேக்கரின் வளர்ச்சி நின்றது. அது ஒருங்குறியை அறியாதது. எனவே இயக்குதளத்தை மாற்றினால் பக்க வடிவமைப்பு மென்பொருள், எழுத்துரு, தட்டச்சுச் செயலி, பழைய கோப்புகள் யாவற்றையும் ஒருசேர மாற்ற வேண்டும். எக்ஸ்பியை நெடுங்காலம் விடாதிருந்த அச்சகங்களைப் பழமை விரும்பிகள் எனக் கொள்வது சரியன்று. அவர்களின் கணக்கு சரியானதே.

பொறுத்திருப்பதன் விலை

முதல் சர்வீஸ் பேக் வரும் வரை பொறுப்பது என்பது அக்காலத்தின் வழக்கமான அறிவுரை. எக்ஸ்பிக்கு அது 2002 செப்டம்பரிலும், விஸ்டாவுக்கு 2008 தொடக்கத்திலும், விண்டோஸ் 7 க்கு 2011 பிப்ரவரியிலும் வந்தது. அதன்பின் இவ்வழக்கம் நின்றுபோனதால் அவ்வறிவுரையும் பொருளிழந்தது. தற்போது புதிய பதிப்புகள் கணினிகளுக்குக் கட்டங்கட்டமாக அனுப்பப்படுகின்றன. முதலில் பெறுவோர் அறியாமலே சோதனையாளராகின்றனர்.

தாமதம் எப்போதும் விருப்பத்தால் நேர்வதும் இல்லை. 2004 ஆகஸ்டில் வெளிவந்த எக்ஸ்பி சர்வீஸ் பேக் 2 இன் முழுப் பொதி ஏறத்தாழ 266 மெகாபைட். 56 கிலோபிட் தொலைபேசி இணைப்பில் முழு வேகத்தில் தடையின்றி இறக்கினாலும் அதற்கு 11 மணி நேரம் ஆகும். பிசி குவெஸ்ட் போன்ற இதழ்கள் இணைத்து வழங்கிய லினக்ஸ் குறுவட்டுகள் அன்று மதிக்கப்பட்டதற்கும் இணைய வேகமே காரணம்.

எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8 இல் முடிந்தது. ஆனால் இந்தியாவின் தானியங்கிப் பணப் பொறிகள் பலவற்றில் அது தொடர்ந்தது. ஆதரவற்ற இயக்குதளங்களைப் படிப்படியாக 2019 சூனுக்குள் முழுமையாக மாற்றி முடிக்க வேண்டும் என இந்திய ரிசர்வ் வங்கி 2018 சூனில் வங்கிகளுக்கு ஆணையிட்டது.

2017 மே 12 அன்று பரவத் தொடங்கிய வான்னாகிரை நச்சுநிரல், பிரித்தானியாவின் தேசிய நலச் சேவை மருத்துவமனைகளையும், இரெனோ நிறுவனத்தின் தொழிற்சாலைகளையும், ஆந்திரப் பிரதேசக் காவல்துறையின் சில கணினிகளையும் முடக்கியது. அது பயன்படுத்திய ஓட்டைக்கான திருத்தத்தை மைக்ரோசாப்ட் அதே ஆண்டு மார்ச் 14 இலேயே வெளியிட்டிருந்தது. பாதிக்கப்பட்டவற்றில் மிகுதியானவை எக்ஸ்பி கணினிகள் அல்ல, அத்திருத்தத்தை நிறுவாத விண்டோஸ் 7 கணினிகள். பழைய பதிப்பில் இருந்தது குற்றமாகவில்லை. அதன் திருத்தங்களை விட்டதே வினையாயிற்று.

தமிழ்நாட்டு அரசு அலுவலகங்கள்

அடுத்த விண்டோஸுக்கு மாறாமல் வேறொரு குடும்பத்துக்கே மாறுவது மூன்றாவது வழி. 2000களின் இரண்டாம் பாதியில் தமிழ்நாடு மின்னணு நிறுவனமான எல்காட் சூசே லினக்ஸைப் பரவலாகப் பயன்படுத்தத் தொடங்கியது. சென்னை சி-டாக் மையம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கிய பாஸ் லினக்ஸ் 2007 சனவரியில் வெளிவந்தது. 2014 இல் எக்ஸ்பியின் ஆதரவு முடிவதையொட்டி, அரசுத் துறைகள் பாஸ் லினக்ஸுக்கு மாறுமாறு மாநிலத் தகவல் தொழில்நுட்பத் துறை அறிவுறுத்தியது.

உரிமக் கட்டணமின்மையும், பழைய கணினிகளிலேயே இயங்கும் தன்மையும் இதற்குச் சாதகமானவை. தடையாக நின்றவை மீண்டும் எழுத்துருக்களே. அலுவலகக் கோப்புகளில் பெருமளவு வானவில் குறியாக்கத்தில் இருந்தன. எழுத்துருவை எந்த இயக்குதளத்திலும் நிறுவிவிடலாம். ஆனால் அதற்கான தட்டச்சுச் செயலிகள் விண்டோஸுக்காக எழுதப்பட்டவை. 2010 சூனில், கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்த வேளையில், ஒருங்குறியையும் டேஸ் 16 ஐயும் அரசு தன் நியமங்களாக அறிவித்திருந்தது. இவ்வறிவிப்பை முன்னரே பின்பற்றிக் கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்றியிருந்த அலுவலகத்துக்கு 2014 இன் மாற்றம் எளிது. மாற்றாதிருந்த அலுவலகத்துக்கு அது இரட்டை வேலை.

முடிவெடுத்தல்

வேலை ஏதும் தங்கியிராத இரண்டாவது கணினி உடையவர் வெளியீட்டு நாளிலேயே மாறுவதில் தவறில்லை. ஒரே கணினியில் படிப்பும் தொழிலும் நடத்துவோர் சில மாதங்கள் பொறுப்பது நல்லது. இப்பொறுமையை உபுண்டு தன் நடைமுறையிலேயே வைத்துள்ளது: நெடுங்கால ஆதரவுப் பதிப்பு ஏப்ரலில் வெளியானாலும், முந்தைய நெடுங்கால ஆதரவுப் பதிப்பில் உள்ளோருக்கு மேம்படுத்தும் அழைப்பு, கோடையில் வரும் முதல் திருத்தப் பதிப்புக்குப் பின்னரே காட்டப்படுகிறது.

பொறுப்பதற்கு மேல் எல்லை, பழைய பதிப்பின் ஆதரவு முடியும் நாள். அது முன்கூட்டியே அறிவிக்கப்படுவதால் திட்டமிடலாம். விண்டோஸ் 10 க்கு அந்நாள் 2025 அக்டோபர் 14. விண்டோஸ் 11 டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சில்லையும் ஒப்பீட்டளவில் புதிய செயலியையும் கட்டாயமாக்கியதால், நன்றாக இயங்கும் கணினிகள் பலவும் மாற இயலாமல் நின்றன. அவற்றுக்கு லினக்ஸ் வழங்கல்கள் ஒரு வழி.

மறைமலை நகர், ஒரகடம் போன்ற தொழிற்பகுதிகளில் காணப்படுவது போன்ற, ஆலைப் பொறியுடன் இணைந்த கணினிகளைத் தனி வகையாகக் கொள்ள வேண்டும். பொறியின் ஆயுள் இயக்குதளத்தின் ஆயுளை விட நீண்டது. இவற்றை மேம்படுத்தாமல், இணையத்திலிருந்து துண்டித்து வைப்பதே பொதுவான நடைமுறை. வான்னாகிரை போன்றவை உள்வலையமைப்பு வழியாகவும் பரவுவதால், அவ்வலையமைப்பையும் பிரிக்க வேண்டும்.

மேம்படுத்தும் முன்

கோப்புகளின் காப்பு நகலை அதே கணினியின் மற்றொரு வட்டுப் பகுதியில் வைப்பது காப்பாகாது. தனி வட்டில் எடுத்து, ஒரு கோப்பையேனும் வேறு கணினியில் திறந்து பார்க்க வேண்டும். எட்டு நுண்மி எழுத்துருக்களில் தட்டச்சிட்ட கோப்புகள் இருப்பின், அவ்வெழுத்துருக் கோப்புகளையும் உடன் சேமித்தல் இன்றியமையாதது. எழுத்துரு இல்லாமல் அவை பொருளற்ற ஆங்கில எழுத்துக் கோவையாகவே தெரியும். 64 நுண்மி விண்டோஸில் 16 நுண்மி நிரல்கள் இயங்கா என்பதால், பழைய செயலிகளின் நிறுவல் நிரலே திறக்காமற் போகலாம். பெரும்பாலான லினக்ஸ் வழங்கல்களை நிறுவாமலே வட்டிலிருந்தோ விரலியிலிருந்தோ இயக்கி, அச்சுப்பொறியும் கம்பியில்லா இணைப்பும் செயல்படுகின்றனவா எனச் சோதித்துக்கொள்ளலாம்.

திரும்பி வரும் வழி எல்லாவற்றிலும் ஒன்றல்ல. விண்டோஸ் 11 க்கு மாறியவர் இயல்பு அமைப்பில் 10 நாட்களுக்குள் பழைய பதிப்புக்கு மீளலாம். அதன்பின் பழைய கோப்புகள் நீக்கப்பட்டுவிடும். டெபியன், உபுண்டு ஆகியவற்றில் முந்தைய பதிப்புக்கு இறங்குவதற்கு ஆதரவான வழி இல்லை; மீண்டும் புதிதாக நிறுவுவதே முறை. பயனர் கோப்புறையைத் தனி வட்டுப் பகுதியில் வைத்திருந்தால், அப்பகுதியை அழிக்காமல் மறுநிறுவல் செய்ய இயலும்.