பாட்டிக்கு என்ன ஆச்சு?

1966-ல் எம்.ஐ.டி.யின் ஜோசப் வைசன்பாம் வெளியிட்ட எலிசாவுக்கு எதுவும் புரியாது. ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு, நாம் சொன்னதையே கேள்வியாகத் திருப்பும். அப்படியும் அவருடைய செயலாளர், தனியாகப் பேசணும், வெளியே போங்கள் என்றாராம்!

தமிழிலும் உண்டு. சென்னையில் நடந்த தமிழ் இணையம் 2003 மாநாட்டிலேயே 'பூங்குழலி' என்ற சாட்பாட் பற்றி அண்ணா பல்கலைக்கழகத்தார் கட்டுரை தந்தார்கள். அந்தத் தைரியத்தில் லோத்குண்டா வீட்டில் நானும் (வெறும் பி.காம்.!) எலிசா பாணியில் ஒன்று கட்டினேன்.

என் அம்மா ஊரில் ஆஸ்பத்திரியில் இருந்த சமயம். மகள் தட்டினாள்: "பாட்டிக்கு உடம்பு சரியில்லை." நான் எழுதிவைத்தது 'பாட்டி' மட்டும். "சரி, வேற என்ன?" என்றது. குழந்தை முகம் சுண்டிவிட்டது.

தமிழில் வேற்றுமை உருபு ஒட்டிக்கொண்டல்லவா வரும்! கடைசி 'க்கு'வை வெட்டச் சொன்னேன். பாட்டி கிடைத்தாள், 'மூக்கு' 'மூ' ஆனது. வெட்டுமுன் சொற்பட்டியலைப் பார்க்க வைத்தபிறகுதான் கேட்டது: "பாட்டிக்கு என்ன ஆச்சு?"