தண்ணீர் சுத்தம், மீனைக் காணோம்

1969 ஜூனில் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் குயஹோகா ஆறு தீப்பிடித்த கதையை நிறைய பேர் படித்திருப்பீர்கள். 1972ல் வந்த சுத்த நீர்ச் சட்டத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் இந்தத் தீயும் கூடவே வந்துவிடும். நீர்நிலைகளின் வேதியியல், இயற்பியல், உயிரியல் நலம் மூன்றையும் மீட்க வேண்டும் என்றது அந்தச் சட்டம்.

ஆனால் நடைமுறையில் அளந்தது பெரும்பாலும் முதலாவதைத்தான். பாட்டிலில் தண்ணீர் பிடி, அமோனியா எவ்வளவு, ஆக்சிஜன் எவ்வளவு என்று பார், வரம்புக்குள் இருந்தால் பாஸ். எங்க தொழிலில் டெஸ்ட் எல்லாம் பச்சை காட்டும், ஆனா ஆப் திறக்கவே திறக்காது. அந்தக் கதைதான்.

பக்கத்து மாநிலமான இண்டியானாவில், வயல்களுக்கு நடுவே ஓடும் பிளாக் கிரீக் ஓடையை 70களில் ஆராய்ந்தவர்களில் ஒருவர் ஜேம்ஸ் கார். 1981ல் அவர், மீன்களை வைத்தே ஓடைக்கு மதிப்பெண் போடும் முறையை வெளியிட்டார். 12 அளவுகோல், ஒவ்வொன்றுக்கும் 1, 3 அல்லது 5. ஆக மொத்தம் 60.

இது நோய் இருக்குன்னு சொல்லும், ஏன்னு சொல்லாது. அதற்கு 1989ல் ஒஹாயோ சுற்றுச்சூழல் துறையின் எட்வர்ட் ரேங்கின் ஒரு படிவம் தயாரித்தார். ஆற்றில் இறங்கி நடந்து, கண்ணால் பார்த்து, 100க்கு மார்க் போட வேண்டும். ஆறு வளைந்து போகிறதா, கரையில் மரம் உண்டா, மீன் ஒளிய வேரும் விழுந்த கட்டையும் உண்டா, மடுவும் சலசலப்பும் மாறி மாறி வருகிறதா என்று கேள்விகள். எனக்கு முக்கியமாகப் பட்டது அடித்தரை. கூழாங்கல் இடுக்கில் முட்டையிடும் மீன்கள் உண்டு. வயலிலிருந்து வரும் வண்டல் அந்த இடுக்கை அடைத்தால் முட்டைக்கு ஆக்சிஜன் போகாது. பாட்டில் தண்ணீரில் இது எப்படித் தெரியும்?

கண்ணால் பார்த்து மார்க்கா, ஆளுக்கு ஆள் மாறாதா என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். மாறும்தான், அதனால்தான் பயிற்சி தருகிறார்கள். ஆனால் துல்லியமாகத் தப்பானதை அளப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

1990ல் ஒஹாயோ உயிரினங்களை வைத்துப் போடும் மதிப்பெண்ணைச் சட்ட விதியாகவே ஆக்கியது. இதில் எனக்கு உறுத்தும் ஒரு விஷயம் உண்டு. வடிகாலுக்காக நேராக வெட்டிய ஓடைகளுக்கு அதே விதிகளில் தனி வகுப்பு, குறைந்த இலக்கு. வாழிட மார்க் குறைவு என்பதே அந்தச் சலுகைக்கு ஆதாரமாகவும் காட்டப்படும். வெட்டியதும் மனிதர்கள், வெட்டியதால் இலக்கைக் குறைத்ததும் அவர்களே. வடிகால் இல்லாவிட்டால் அங்கே சோளம் விளையாது என்பதும் நிஜம்தான்.